ஐந்தாறு பேர் கொண்ட அணியில் நேரத்தைக் குறித்து வைப்பது எப்படி?

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஐந்து பேராக மொழிபெயர்ப்பும் பக்க வடிவமைப்பும் செய்கிறோம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வரவேண்டிய கையேடுகள், ஆண்டறிக்கைகள், படிவங்கள்தான் எங்கள் வேலை. சில வருடங்களுக்கு முன் 48 பக்கக் கையேடு ஒன்று வந்தது. ஆறு நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு விலை சொன்னேன். முடிய மூன்று கிழமை எடுத்தது. கடைசி நாட்களில் எல்லோரும் இரவு ஒன்பது மணி வரை இருந்தோம். காசு வந்தது, சம்பளம் கொடுத்தேன், கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. இந்த வேலை ஏன் இவ்வளவு இழுபட்டது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். மொழிபெயர்ப்புத்தான் கடினம் என்றார் ஒருவர். திருத்தம் வந்துகொண்டே இருந்தது என்றார் இன்னொருவர். படங்கள் பிந்தி வந்தன என்றாள் வடிவமைப்புச் செய்யும் தங்கச்சி. மூன்றுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் எது எத்தனை மணித்தியாலம் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அப்படியென்றால் அடுத்த வேலைக்கும் குத்துமதிப்பாகத்தான் விலை சொல்லவேண்டும்.

அடுத்த கிழமையே நேரத்தை எழுதி வைக்கத் தொடங்கினோம். அதிலிருந்து படித்ததை, இதுவரை எந்தப் பதிவும் வைக்காத சிறு அணிகளுக்காக எழுதுகிறேன். வடிவமைப்பு, மென்பொருள், கணக்கு வைப்பு, கட்டட வரைபடம் என்று மணித்தியாலங்களைக் காசாக்கும் எந்த வேலைக்கும் இது பொருந்தும்.

வரவுப் பதிவேடு வேறு, இது வேறு

முதலில் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 1888 இல் நியூயோர்க் மாநிலத்தின் ஓபர்ன் நகரில் வில்லார்ட் பண்டி என்ற நகைக்கடைக்காரர், வேலையாட்கள் வந்துபோகும் நேரத்தைத் தாளில் பதிக்கும் கடிகாரம் ஒன்றைச் செய்தார். அந்தக் கடிகாரத்தை விற்கத் தொடங்கிய கம்பனி பிறகு வேறு சில கம்பனிகளோடு சேர்ந்தது. 1924 இல் அந்தக் கூட்டுக்கு ஐ.பீ.எம். என்று பெயர் வந்தது. இன்று கொழும்பில் அலுவலக வாசல்களில் மாட்டியிருக்கும் கைரேகை இயந்திரமும் அந்த வழியில் வந்ததுதான். ஒருவர் எட்டரைக்கு வந்தார், ஐந்தரைக்கு வெளிக்கிட்டார் என்று அது சொல்லும். நடுவில் இருக்கும் ஒன்பது மணித்தியாலம் எந்த வேலைக்குப் போனது என்று அதற்குத் தெரியாது.

நமக்குத் தேவை அந்த நடுப்பகுதி. எந்த வாடிக்கையாளரின் வேலை, அதில் என்ன வகையான வேலை, எவ்வளவு நேரம். இந்த மூன்றும் தெரிந்தால் சரியான விலை சொல்லலாம், யாருடைய தலையில் வேலை குவிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம், வாடிக்கையாளரோடு கதைக்கும்போது கையில் ஆதாரம் இருக்கும். ஆள் எத்தனை மணிக்கு வந்தார் என்பதை இதோடு கலக்காதீர்கள். கலந்த அன்றைக்கே பதிவில் பொய் நுழைந்துவிடும்.

முதலாவது: கொப்பி வாங்க முன்னர் கதையுங்கள்

பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, "இனி எல்லோரும் நேரம் எழுதவேண்டும்" என்று வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. அதைப் பார்க்கிறவருக்கு மனத்தில் தோன்றுவது ஒன்றுதான்: என்னை நம்பவில்லை.

நாங்கள் ஐந்து பேரும் தேத்தண்ணியோடு உட்கார்ந்து கதைத்தோம். எங்களில் இளைய தம்பி நேராகவே கேட்டான்: "அண்ணா, நாங்கள் சும்மா இருக்கிறோம் என்று நினைக்கிறீங்களா?" அந்தக் கேள்வி வந்தது நல்லது. கேட்காமல் மனத்தில் வைத்திருந்தால் அவன் எழுதும் ஒவ்வொரு வரியிலும் அது இருந்திருக்கும். கையேட்டு வேலையில் எவ்வளவு நட்டம் என்று தொகையைச் சொன்னேன். விலை போட்டது நான், பிழை என்னுடையது, அந்தப் பிழையைத் திருத்த உங்கள் எழுத்து வேண்டும் என்று சொன்னேன். அப்புறம் மூன்று வாக்குறுதி கொடுத்தேன். இந்தப் பதிவை வைத்து யாருடைய சம்பளத்தையும் குறைக்கமாட்டேன். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டுக் கதைக்கமாட்டேன். என்னுடைய நேரத்தையும் நான் எழுதுவேன், அதை எல்லோரும் பார்க்கலாம்.

மூன்றாவதுதான் மிக முக்கியம் என்று இப்போதும் நம்புகிறேன். அணியை நடத்துகிறவரின் நேரம்தான் பெரும்பாலும் சிதறிக் கிடக்கும். தொலைபேசி, வங்கி, விலைமனு, அச்சகத்துக்கு ஒரு ஓட்டம். அவர் எழுதாமல் மற்றவர்களை எழுதச் சொன்னால் அது கண்காணிப்பு என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். நானே முதல் நாள் என் பக்கத்தை மேசை நடுவில் விரித்து வைத்தேன்.

இரண்டாவது: ஒரு கிழமை கொப்பியில் எழுதுங்கள்

செயலி எதுவும் இப்போது வேண்டாம். ஆளுக்கொரு சீ.ஆர். கொப்பி போதும். கொப்பியில் எழுதும்போதுதான் எந்த வகைகள் தேவை, எது தேவையில்லை என்று விளங்கும். செயலியோடு தொடங்கினால் வேறு யாரோ யோசித்து வைத்த பெட்டிகளுக்குள் நம் வேலையைத் திணிக்கவேண்டி வரும்.

விதி இரண்டுதான். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதே எழுதவேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்கு உட்கார்ந்து காலையை ஞாபகப்படுத்தி எழுதினால் பெரிய வேலைகள்தான் நினைவுக்கு வரும், சின்னச் சின்ன குறுக்கீடுகள் மறந்துபோகும். நாம் தேடுவதே அந்தக் குறுக்கீடுகளைத்தான். இரண்டாவது விதி: கால் மணித்தியாலத்துக்குக் கீழே போகவேண்டாம். ஐந்து நிமிடத் தொலைபேசி அழைப்பை எல்லாம் தனித்தனியாக எழுதப்போனால் மூன்றாம் நாளே கொப்பியை மூடிவிடுவார்கள். வழக்கறிஞர் நிறுவனங்கள் சில ஆறு நிமிடத்தை ஓர் அலகாக வைத்துக் கணக்கெழுதுகின்றன, அது ஒரு மணித்தியாலத்தில் பத்தில் ஒரு பங்கு. அவர்களுக்கு அது சரி. நம்மைப்போன்றவர்களுக்குக் கால் மணித்தியாலம் தாராளமாகப் போதும்.

தங்கச்சியின் கொப்பியில் ஒரு நாள் ஏறக்குறைய இப்படி இருந்தது:

8.45 – 9.15 மெயில், வட்ஸ்அப்
9.15 – 10.30 கையேடு, பக்க வடிவமைப்பு
10.30 – 11.00 வேறு வேலை, அவசரத் திருத்தம்
11.00 – 12.30 கையேடு, பாமினி மாற்றம்
12.30 – 1.15 சாப்பாடு
1.15 – 2.15 காத்திருப்பு, படங்கள் வரவில்லை
2.15 – 3.30 கையேடு, பாமினி மாற்றம், பிழை பார்த்தல்
3.30 – 4.00 அச்சகத்தோடு தொலைபேசி
4.00 – 5.30 கையேடு, இரண்டாம் திருத்தம்

இதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அவளுடைய வேலை வடிவமைப்பு. அன்றைக்கு அவள் வடிவமைத்தது ஒன்றேகால் மணித்தியாலம். பாமினி மாற்றத்துக்கு மட்டும் இரண்டே முக்கால் மணித்தியாலம் போயிருக்கிறது.

இலங்கையில் தமிழ்த் தட்டச்சோடு பழகியவர்களுக்குப் பாமினியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது, இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக இருக்கும் யூனிகோடு முறைக்கு முந்திய வகை எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். இன்றைக்கும் பலர் தங்கள் பழைய கோப்புகளை அந்த எழுத்துருவிலேயே அனுப்புகிறார்கள். எழுத்துரு மாற்றும் செயலி ஒன்றில் போட்டால் தமிழ் வந்துவிடும், உண்மைதான். ஆனால் நடுவில் ஆங்கிலச் சொல்லோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் அதையும் தமிழென்று நினைத்து அர்த்தமில்லாத எழுத்துகளாக்கிவிடும். ஒவ்வொரு பக்கமாக மூலத்தோடு ஒப்பிட்டுத்தான் தேடிப் பிடிக்கவேண்டும். இந்த மினக்கேட்டை நாங்கள் ஒரு விலைமனுவிலும் சேர்த்ததே இல்லை. "பைலைத் தந்துவிட்டார்கள், அடிக்கத் தேவையில்லை" என்று விலையைக் குறைத்துக்கூடக் கொடுத்திருக்கிறோம். ஒரு கிழமைக் கொப்பி இதைக் காட்டியது. அதற்கு முன் பல வருடமாக அது எங்கள் கண்ணில் படவே இல்லை.

உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு பாமினி இருக்கும். கணக்கு வைப்பவர்களுக்கு அது பையில் அள்ளிக் கொண்டுவரும் பற்றுச்சீட்டுகளைத் திகதிவாரியாக அடுக்குவதாக இருக்கலாம். மென்பொருள் செய்பவர்களுக்கு வாடிக்கையாளரின் பழைய சேர்வரில் நுழைவதற்கு அனுமதி வாங்கும் நேரமாக இருக்கலாம். முதல் கிழமையின் வேலை அதைக் கண்டுபிடிப்பதுதான்.

மூன்றாவது: வகைகளைக் குறைவாக வையுங்கள்

கிழமை முடிந்ததும் ஐந்து கொப்பிகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒரே வேலையை ஒவ்வொருவரும் வேறு வேறு பெயரில் எழுதியிருப்பார்கள். அவற்றைச் சேர்த்து ஏழெட்டு வகைக்குள் அடக்குங்கள். பத்துக்கு மேல் போனால் எதில் போடுவது என்று யோசிப்பதிலேயே நேரம் போகும். எங்களுடையவை: மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, எழுத்துரு மாற்றம், பிழை பார்த்தல், எங்கள் திருத்தம், அவர்கள் திருத்தம், காத்திருப்பு, அலுவலக வேலை.

திருத்தத்தை இரண்டாகப் பிரித்திருப்பதைக் கவனியுங்கள். நாங்கள் விட்ட பிழையை நாங்களே சரிசெய்வது எங்கள் பொறுப்பு, அதற்குக் காசு கேட்க முடியாது. வாடிக்கையாளர் மனம் மாறி, "இந்தப் பந்தியை எடுத்துவிட்டு வேறொன்று போடுங்கள்" என்றால் அது புதிய வேலை. இரண்டும் ஒரே பெயரில் கிடந்தவரை, நாங்கள்தான் நிறையப் பிழை விடுகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தோம். பிரித்து எழுதிய முதல் மாதத்தில் தெரிந்தது, பெரும்பகுதி அவர்கள் திருத்தம். மொழிபெயர்ப்புச் செய்யும் அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தன் பிழைகளால்தான் வேலை இழுபடுகிறது என்று பல மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாராம்.

காத்திருப்பையும் விட்டுவிடாதீர்கள். வேலை செய்யாத நேரத்தை எழுதக் கூச்சமாக இருக்கும். ஆனால் ஒப்புதல் வரவில்லை, படம் வரவில்லை, அச்சகத்தில் ஆள் இல்லை என்பதெல்லாம் உங்கள் காசில் கழியும் நேரம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது நாங்கள் பதிவு வைத்திருந்தோம். முடிவுத் திகதியைத் தள்ளித் தாருங்கள் என்று கேட்கும்போது, எந்த நாளில் எத்தனை மணித்தியாலம் கரன்ட் இல்லை என்று எழுதிக் கொடுக்க முடிந்தது. கேட்ட இடத்தில் மறுக்கவில்லை.

"மற்றவை" என்று ஒரு வகை வைத்தால் எல்லாம் அதற்குள் போய் விழும். வைக்கவே வேண்டாம்.

நான்காவது: கொப்பியிலிருந்து அட்டவணைக்கு

இரண்டாம் கிழமையிலிருந்து கூகுள் ஷீட்டுக்குப் போகலாம். எல்லோரும் ஒரே கோப்பில் எழுதலாம், காசும் இல்லை. திகதி, பெயர், எந்த வேலை, என்ன வகை, தொடக்கம், முடிவு, மணித்தியாலம் என்று ஏழு நிரல். வேலையையும் வகையையும் தட்டச்சுச் செய்ய விடாமல், பட்டியலிலிருந்து தெரிவு செய்யும்படி வையுங்கள். இல்லாவிட்டால் "திருத்தம்", "திருத்தங்கள்", "திருத்த வேலை" என்று மூன்றாகப் பிரிந்து, கூட்டும்போது சேராது.

இங்கே எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. ஒன்றரை மணித்தியாலத்தை 1.30 என்று எழுதிவிடுவது. 1.30 ஐயும் 1.30 ஐயும் அட்டவணை கூட்டினால் 2.60 என்று வரும். உண்மையில் அது மூன்று மணித்தியாலம். இரண்டு வரியிலேயே 24 நிமிடம் காணாமல் போய்விட்டது. மாதம் முழுக்க இப்படி எழுதினால் எவ்வளவு போகும் என்று யோசியுங்கள். ஆகவே தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் மட்டும் ஆட்கள் எழுதட்டும், மணித்தியாலத்தை அட்டவணை கணக்கிடட்டும். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து 24 ஆல் பெருக்கவேண்டும். ஒரு முழு நாளை 1 என்று அட்டவணை உள்ளுக்குள் வைத்திருப்பதால்தான் 24 ஆல் பெருக்குகிறோம். விடையை நேரமாகக் காட்டாமல் சாதாரண எண்ணாகக் காட்டும்படி மாற்றிவிடுங்கள், ஒன்றரை மணித்தியாலம் 1.5 என்று வரும். நேர வடிவத்திலேயே விட்டுவிட்டால் கூட்டுத்தொகை 24 ஐத் தாண்டியதும் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். 27 மணித்தியாலம் 3 என்று காட்டும். நள்ளிரவைத் தாண்டி வேலை செய்தால் இரண்டு நாளாகப் பிரித்து எழுதுங்கள். அப்படி அடிக்கடி எழுத வேண்டி வந்தால் பிரச்சினை அட்டவணையில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

இரண்டு மூன்று மாதம் ஓடிய பிறகு செயலிக்கு மாறலாம். டொகிள், க்ளொக்கிஃபை இரண்டையும் காசு கொடுக்காமலே தொடங்கிப் பார்க்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் நேரம் ஓடும், நிறுத்தினால் பதிவாகும். நேர வலயத்தைக் கொழும்பு என்று வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். லண்டனில் வாடிக்கையாளர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: அவர்கள் மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை மாற்றுவார்கள், ஒக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை திருப்பி மாற்றுவார்கள். நமக்கும் அவர்களுக்கும் இடையில் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம், கோடையில் நாலரை.

சில செயலிகளில் வேலை செய்கிறவரின் திரையைப் படம் பிடித்து அனுப்பும் வசதி உண்டு. அதைத் தொடவே தொடாதீர்கள். முதல் நாள் கொடுத்த வாக்குறுதி அந்த ஒரு பொத்தானோடு முறிந்துவிடும். பிறகு எழுதப்படும் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

ஐந்தாவது: வெள்ளிக்கிழமை அரை மணித்தியாலம்

எழுதுவதோடு நின்றுவிட்டால் ஒரு மாதத்தில் அலுத்துவிடும். எழுதியதை யாராவது வாசிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எழுதத் தோன்றும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு எல்லோரும் சேர்ந்து அந்தக் கிழமையைப் பார்க்கிறோம். அட்டவணையை ஆட்களின் பெயரால் பிரிக்காமல் வேலைகளின் பெயரால் பிரித்துத் திரையில் போடுவேன். இந்தக் கிழமை முடிந்த வேலைக்கு நாம் நினைத்தது எவ்வளவு, ஆனது எவ்வளவு, எந்த வகையில் வித்தியாசம் வந்தது. இவ்வளவுதான் கேள்வி.

நாம் நினைப்பதும் ஆவதும் ஏன் எப்போதும் வேறாக இருக்கிறது என்பதைப் பற்றி டானியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979 இல் எழுதியிருக்கிறார்கள். முன்பு இதேபோன்ற வேலைகள் இழுபட்டது தெரிந்திருந்தும், இந்த முறை எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நினைத்தே மனிதர் திட்டம் போடுகிறார்கள். கையில் இருக்கும் வேலையைப் பிரித்துப் பிரித்து யோசிப்பதை விட, முன்பு செய்த அதே மாதிரியான வேலைகள் உண்மையில் எவ்வளவு எடுத்தன என்று பார்த்துச் சொல்வதுதான் இதற்கு மருந்து. அப்படிப் பார்க்க ஒரு பதிவு வேண்டாமா? இப்போது யாராவது 40 பக்க மும்மொழிக் கையேடு என்று வந்தால், நான் முதலில் திறப்பது அட்டவணையைத்தான். முன்பு செய்த நாலைந்து கையேடுகளின் மணித்தியாலங்களைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன்.

ஆறாவது: ஒரு மணித்தியாலத்தின் உண்மையான விலை

இதைச் செய்யத்தான் இத்தனை பாடும். ஒருவருக்கு மாதச் சம்பளம் 100,000 ரூபாய், முழுவதும் ஊழியர் சேமலாப நிதிக்குக் கணக்கில் எடுக்கப்படும் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். தொழில் கொடுப்பவர் சேமலாப நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் தன் கையிலிருந்து கட்டவேண்டும். ஊழியரின் 8 வீதம் அவருடைய சம்பளத்திலிருந்தே போகும், அது இந்தக் கணக்கில் வராது. ஆக, செலவு 115,000 ரூபாய். வாடகை, கரன்ட், இணையம், தண்ணீர் எல்லாம் மாதம் 150,000 என்றால் ஐந்து பேருக்குப் பிரித்து ஆளுக்கு 30,000. மொத்தம் 145,000.

இதை எத்தனை மணித்தியாலத்தால் வகுப்பது? பலர் 22 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம் என்று 176 ஆல் வகுப்பார்கள். அப்படிச் செய்தால் மணித்தியாலம் ஏறத்தாழ 824 ரூபாய். ஆனால் வருடத்தில் 12 அல்லது 13 போயா தினங்கள், மற்ற அரச விடுமுறைகள், சட்டப்படி வருடாந்த லீவு 14 நாள், அமயலீவு 7 நாள். இவற்றைக் கழித்தால் மாதம் சராசரியாக 19 நாள் தேறினால் பெரிய விஷயம். அந்த நாட்களிலும் எட்டு மணித்தியாலமும் வாடிக்கையாளரின் வேலைக்குப் போவதில்லை. மெயில், காத்திருப்பு, எங்கள் திருத்தம், கூட்டம் எல்லாம் உண்டு. உங்கள் பதிவு இங்கேதான் கைகொடுக்கும். வாடிக்கையாளரிடம் காசு கேட்கக்கூடிய நேரம் நாளுக்கு ஐந்தரை மணித்தியாலம் என்று பதிவு சொன்னால், 19 நாளுக்கு 104.5 மணித்தியாலம். 145,000 ஐ அதால் வகுத்தால் ஏறத்தாழ 1,388 ரூபாய். இது அடக்கவிலை மட்டும், இலாபம் இன்னும் சேர்க்கவில்லை.

824 என்று நினைத்து 1,100 ரூபாய்க்கு வேலை எடுத்தவர் இலாபம் வருகிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு மணித்தியாலமும் அவருக்கு 288 ரூபாய் நட்டம். வேலை கூடக் கூட நட்டமும் கூடும். கொழும்பில் நல்ல கைத்திறன் உள்ள எத்தனையோ சிறு அணிகள், வேலை நிறைந்திருந்தும் மூடப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு உண்மையில் வருத்தமான விஷயம். திறமையில் குறை இல்லை, உழைப்பில் குறை இல்லை, வகுத்த எண்தான் பிழை.

விலைமனுவையும் இதற்கேற்ப மாற்றுங்கள். நாங்கள் இப்போது இரண்டு சுற்றுத் திருத்தத்தை விலைக்குள் சேர்க்கிறோம். மூன்றாவது சுற்றிலிருந்து அவர்கள் திருத்தத்துக்கு மணித்தியாலக் கணக்கில் தனியாக. எழுத்துரு மாற்றத்துக்குப் பக்கத்துக்கு ஒரு விலை. முதலில் பயமாகத்தான் இருந்தது, வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்று. ஒருவர் போனார். மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? திருத்தங்களை ஒவ்வொன்றாகக் குரல் செய்தியில் அனுப்புவதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகச் சேர்த்து அனுப்பத் தொடங்கினார்கள்.

மேலதிக நேரம்

அலுவலக ஊழியர்களுக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். சாப்பாட்டு இடைவேளை நீங்கலாக ஒரு நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்பது வழக்கமான வேலை நேரம். அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும். மேலதிக நேரமும் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. சிறு அணியில் எல்லோரும் குடும்பம் மாதிரி என்று சொல்லி இதை விட்டுவிடுகிறார்கள். குடும்பம் மாதிரி என்றால் இதில் இன்னும் நேர்மையாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். பதிவு வைத்த பிறகு, யார் எவ்வளவு கூட இருந்தார் என்று யாரும் வாய் திறந்து கேட்கத் தேவையில்லாமல் போனது. மாதக் கடைசியில் எண் அங்கேயே இருக்கும். தம்பிக்கு அதுவரை கேட்கக் கூச்சம்.

இன்னொன்றும் தெரியவந்தது. மேலதிக நேரம் எல்லோருக்கும் சமமாக விழவில்லை. மூன்று மொழியும் கடைசியில் வந்து சேரும் இடம் வடிவமைப்பு. முன்னால் யார் பிந்தினாலும் அந்தச் சுமை தங்கச்சியின் தலையில்தான் இறங்கும். வெள்ளவத்தை ஸ்டேஷனில் பின்னேர ரயிலை அவள் எத்தனை நாள் தவறவிட்டாள் என்பது அட்டவணையில் வரிவரியாக இருந்தது. மொழிபெயர்ப்பை முழுதாக முடித்துக் கொடுக்காமல் எட்டெட்டுப் பக்கமாகக் கொடுக்கும்படி மாற்றினோம்.

தடுக்கும் இடங்கள்

எழுத மறப்பார்கள். அடுத்த நாள் காலை அரைகுறையாக எழுதியிருந்தாலும் பரவாயில்லை, ஏசாதீர்கள். பக்கத்தில் "நினைவிலிருந்து" என்று ஒரு குறி போடச் சொல்லுங்கள். ஒருவர் ஒவ்வொரு நாளும் சரியாக எட்டு மணித்தியாலம் எழுதினால், அவருக்கு இன்னும் பயம் போகவில்லை என்று அர்த்தம். தனியாகக் கூப்பிட்டுக் கதையுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவரும் இடைவெளிகளை மறைத்து எழுதத் தேவையில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வகைகளைத் திருப்பிப் பாருங்கள். எழுத்துரு மாற்றத்துக்குத் தனி விலை வைத்த பிறகு பலர் யூனிகோடிலேயே அனுப்புகிறார்கள். அந்த வகையில் இப்போது மாதம் நாலைந்து வரிதான் விழுகிறது. போன வெள்ளிக்கிழமை தங்கச்சி அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டாள். இன்னும் ஒரு மூன்று மாதம் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.